கேஸ் என்னும் பூச்சாண்டி

“கேஸ் சமாச்சாரம் சார், நாம கை வைக்கக் கூடாது.”

அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியேறிவிட்ட தமிழர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் துணி உலர்த்தும் டிரையரைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த வாக்கியம் வராமல் இருக்காது. நம்மவர்களை மட்டும் சொல்வானேன், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரும் இதையேதான் சொல்கிறார். மின்சார டிரையர் பழுதானால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்காருகிற மனிதர், எந்திரத்தின் பின்னால் ஒரு கேஸ் குழாயைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிடுகிறார். இத்தனைக்கும் மின்சார டிரையருக்குள் ஓடுவது 240 வோல்ட். கேஸ் டிரையருக்கு 120 வோல்ட் போதும். அந்த ஊர் மேசை விளக்கைச் செருகும் பிளக்கிலேயே செருகலாம். ஆளைத் தூக்கி அடிக்கக்கூடிய முதலாவதைத் தொடத் துணிகிறவர், இரண்டாவதைக் கண்டு நடுங்குகிறார்.

இந்த நடுக்கம் ஓசியில் வருவதல்ல. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய எந்திரம் ஒரு நாள் சூடு தராமல் நிற்கிறது. ஆளைக் கூப்பிட்டால் வந்து பார்ப்பதற்கே ஒரு தொகை. பார்த்தவர் உதட்டைப் பிதுக்கி, “பழசு, இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட்” என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இருபது முப்பது டாலர் உதிரிப் பாகத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம் புது எந்திரத்தில் போய் முடிகிறது. பழையது தெருவோரத்தில் குப்பை வண்டிக்குக் காத்திருக்கிறது.

கேஸ் ஆபத்தில்லாதது என்று வாதாட நான் வரவில்லை. ஆபத்தானதுதான். என் வழக்கு வேறு. கேஸ் டிரையரில் வருகிற பழுதுகளில் பெரும்பாலானவை கேஸ் ஓடும் குழாயில் வருவதில்லை. மின்சுற்றில் வருகின்றன, அல்லது காற்றோட்டத்தில் வருகின்றன. குழாயின் ஒரு மரையைக்கூடத் திருகாமல் அவற்றில் பலவற்றைக் கண்டுபிடிக்கலாம், பாதியையாவது சரிசெய்யலாம். இந்த எந்திரம் உண்மையிலேயே உயிரை வாங்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் பயமில்லை.

ஊரில் நம் சமையலறையை நினைத்துப் பாருங்கள். சிலிண்டர் தீர்ந்துபோனால் ரெகுலேட்டரைக் கழற்றிப் புதியதில் மாட்டுவது யார்? மூடியை எடுத்து உள்ளே வாஷர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதும், சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும், அடைத்துக்கொண்ட பர்னரை ஊசியால் குத்திச் சரிசெய்வதும் யார்? அம்மாதான், அத்தைதான், பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன்தான். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் வாயு வளிமண்டலத்தைப் போலப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. கசிந்தால் காற்றைவிடக் கனமாகத் தரையோடு தேங்கி நிற்கும். அமெரிக்க வீட்டுக் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவோ காற்றைவிட லேசானது. அதன் அழுத்தம் ஒரு குழாயில் நீரை ஏழு அங்குலம் உயர்த்தும் அளவு, அவ்வளவுதான். அங்கே ரெகுலேட்டர் மாற்றிப் பழகிய கை, இங்கே வந்ததும் கும்பிட்டு ஒதுங்குவதற்கு என்ன காரணம் என்று எனக்கு விளங்கவில்லை.

டிரையரின் பர்னர் எரிகிற விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். பொத்தானை அழுத்தியதும் மோட்டார் ஓடுகிறது. அது வேகம் பிடித்த பிறகுதான் அதிலேயே இருக்கும் ஒரு சுவிட்ச் பர்னர் பக்கம் மின்சாரத்தை விடும். டிரம்மைச் சுற்றுவதும் விசிறியைச் சுற்றுவதும் அதே மோட்டார் என்பதால், மோட்டார் நின்றுவிட்டால் தீயும் இல்லை. அடுத்து இக்னைட்டர். சிலிக்கான் கார்பைடில் செய்த சிறு துண்டு. மின்சாரம் பாய்ந்ததும் சிவந்து, பிறகு மஞ்சளாகப் பழுக்கும். பக்கத்தில் பர்னர் குழலின் மேல் ஒரு ஃப்ளேம் சென்சார் அந்த வெப்பக் கதிரை வாங்கிக்கொண்டிருக்கும். இக்னைட்டர் போதுமான அளவு பழுத்தால்தான் சென்சாருக்குள் இருக்கும் தொடுப்பு விலகும். அது விலகினால்தான் வால்வின் இரண்டாவது காயிலுக்கு, அதாவது மின்காந்தச் சுருளுக்கு, மின்சாரம் போகும். வால்வுக்குள் கதவுகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டும் திறந்தால்தான் கேஸ் வரும். மூடி வைத்திருப்பது ஸ்பிரிங், திறந்து வைத்திருப்பது மின்காந்தம். கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்ளும். ஏதோ காரணத்தால் தீப்பிடிக்கவில்லையா, சென்சார் குளிர்ந்து தொடுப்பு மறுபடி ஒட்டிக்கொள்ளும், வால்வு மூடும், இக்னைட்டர் மீண்டும் முதலிலிருந்து பழுக்கத் தொடங்கும்.

பற்றவைக்க நெருப்பு தயாராக இருக்கிறது என்று நிரூபிக்கப்படும்வரை ஒரு மூச்சு கேஸைக்கூட வெளியே விடாத சந்தேகப் பிராணி இது. நம் வீட்டு அடுப்பில் குமிழைத் திருகிவிட்டுத் தீக்குச்சியைத் தேடுகிறோமே, அந்தச் சுதந்திரம் இதில் கிடையாது.

இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் பழுதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பல மாடல்களில் முன்பக்கக் கீழ்ப்பலகையைக் கழற்றினாலே பர்னர் தெரியும். சிலவற்றில் அதற்கென்றே ஒரு சின்னத் துளை உண்டு. அறை விளக்கை அணைத்துவிட்டு, எந்திரத்தை ஓடவிட்டு, கையை விலக்கி வைத்துக்கொண்டு பாருங்கள். இக்னைட்டர் பழுக்கவே இல்லையா? இக்னைட்டர் உடைந்திருக்கலாம், வெப்பத்தைக் காவல் காக்கும் தெர்மோஸ்டாட்டோ ஃப்யூஸோ போயிருக்கலாம், சென்சாரின் தொடுப்பு ஒட்டாமல் இருக்கலாம். பழுத்தது அணையாமல் பழுத்துக்கொண்டே இருக்கிறது, தீ வரவில்லை என்றால் சென்சாரின் தொடுப்பு விலக மறுக்கிறது. பழுத்து, அணைந்து, தீ வராமல், சிறிது நேரத்தில் மறுபடி பழுக்கிறதா? சந்தேகம் வால்வின் காயில்கள்மீது போகவேண்டும். அதற்கு முன்னால் குழாயின் குமிழ் திறந்திருக்கிறதா, வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பும் எரியவில்லை என்றால் கோளாறு டிரையரில் இல்லை.

கடைசியாகச் சொன்ன காயில் கோளாறுக்கு ஒரு குணம் உண்டு. அது பலரை முட்டாளாக்கியிருக்கிறது. துணியைப் போட்டதும் முதல் முறை தீ அழகாகப் பற்றும். சில நிமிடத்தில் டிரம் போதிய அளவு சூடாகி, தெர்மோஸ்டாட் தீயை அணைக்கும். அது வழக்கம்தான். அடுத்த முறை பற்றவேண்டிய நேரத்தில் இக்னைட்டர் பழுக்கும், அணையும், தீ வராது. துணி அரை ஈரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் “சூடு வருது, ஆனா காயல” என்பார். காயிலுக்குள் இருக்கும் கம்பிச் சுற்று சூடானதும் வலுவிழந்து, கதவைத் தூக்க முடியாமல் போவதுதான் காரணம். ஆறியதும் மறுபடி வேலை செய்யும். ஆள் வந்து பார்க்கும்போது எந்திரம் ஆறியிருக்கும், நன்றாக எரியும், “ஒண்ணும் இல்லையே” என்பார், கட்டணத்தை வாங்கிக்கொண்டு போவார்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. வர்ல்பூல் தயாரிப்பில் பரவலாக இருக்கும் வால்வை எடுத்துக்கொண்டால், இரட்டை முனைக் காயில் சுமார் 1,220 ஓம் காட்டவேண்டும். மும்முனைக் காயிலில் ஒரு ஜோடிக்கு இடையே சுமார் 1,365, இன்னொரு ஜோடிக்கு இடையே சுமார் 560. குளிர்ந்த நிலையில் அளந்தால் கெட்டுப்போன காயிலும் இதே எண்களைக் காட்டி நல்ல பிள்ளையாக நிற்கும். மீட்டரை நம்பி நல்ல காயில் என்று தீர்ப்பெழுதிவிட்டு, இக்னைட்டரை மாற்றி, சென்சாரை மாற்றி, கடைசியில் எந்திரத்தையே மாற்றியவர்கள் உண்டு. கண்ணால் கண்டதுதான் இங்கே சாட்சி. மாற்றுவதும் எளிது: பிளக்கைப் பிடுங்கு, கேஸ் குமிழை மூடு, காயில்களைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு திருகாணியைக் கழற்று, பழையதை உருவு, புதியதைச் செருகு. காயில் வால்வின் வெளியே தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் பாகம். கேஸ் ஓடும் பாதை அதற்கு அடியில் மூடியபடியே இருக்கும். 279834 என்ற எண்ணுள்ள ஒரே காயில் ஜோடி பல பெயர்களில் விற்ற பற்பல மாடல்களுக்குப் பொருந்தும். வர்ல்பூல் கம்பெனி 2006இல் மேடேகை வாங்கியது. கென்மோர் என்ற பெயரில் விற்ற டிரையர்களில் பலவும் அதே தொழிற்சாலைச் சரக்குதான். பெயர்ப் பலகை வேறு, வயிறு ஒன்று.

இக்னைட்டரை மாற்றுகிறவர் அதன் பழுக்கும் பகுதியை விரலால் தொடாமல் இருந்தால் போதும். விரல் எண்ணெய் பட்டால் ஆயுள் குறையும், தவிர கண்ணாடியைவிடச் சுலபமாக உடையும். டிரம் சுற்றவில்லை என்றால் பெல்ட், கதவு சுவிட்ச், கிரீச்சிட்டால் உருளைகள். இவை மின்சார டிரையரிலும் அப்படியே இருப்பவை. கேஸுக்கு இவற்றில் பங்கே இல்லை.

இனி, எவரும் பயப்படாத இடத்துக்கு வருகிறேன்.

டிரையரின் பின்னால் இரண்டு குழாய் இருக்கின்றன. ஒல்லியானது கேஸ் குழாய், அதைக் கண்டு எல்லோரும் நடுங்குகிறார்கள். மற்றொன்று நாலு அங்குல அகலக் காற்றுக் குழாய், ஈரத்தையும் பர்னரின் புகையையும் வீட்டுக்கு வெளியே கொண்டுபோவது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எந்திரத்தைச் சுவரோடு நெருக்கித் தள்ளும்போது அது நசுங்கினாலும் கவலையில்லை. உள்ளே வருடக்கணக்கில் துணிப்பஞ்சு படிந்து அடைத்தாலும் கவலையில்லை. வெளிச்சுவரில் இருக்கும் மூடிக்குள் குருவி கூடு கட்டினாலும் தெரியாது. துணி காய ஒரு மணி நேரம் ஆனது இரண்டு மணி நேரம் ஆகும்போது, “மெஷின் பழசாயிடுச்சு” என்று சொல்லி இன்னொரு முறை பொத்தானை அழுத்துகிறார்கள்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான பதிவுகளை வைத்துக் கணக்கிட்டது: வீடுகளில் டிரையர் தீவிபத்து ஆண்டுக்குச் சுமார் 2,900, அவற்றில் 5 பேர் சாகிறார்கள், 100 பேர் காயப்படுகிறார்கள், 3.5 கோடி டாலர் சொத்து அழிகிறது. மின்சாரம், கேஸ் இரண்டு வகையும் சேர்த்த கணக்கு இது. காரணங்களில் முதலிடம் எதற்கு? சுத்தம் செய்யாமல் விட்டதற்கு, 34 விழுக்காடு. வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததால் வந்த தீ அல்ல இது. எடுக்காததால் வந்த தீ.

கேஸ் டிரையரில் தீயோடு இன்னொன்றும் சேர்கிறது. பர்னர் எரிந்த புகையும் அதே குழாய் வழியாகத்தான் போகிறது. குழாய் அடைத்தாலோ கழன்று விழுந்தாலோ கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். அதற்கு மணமில்லை. கேஸுக்காவது மணம் உண்டு. அந்த மணத்துக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலம் நியூ லண்டன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணமில்லாத எரிவாயு கசிந்து வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் எரிவாயுவில் அழுகிய முட்டை நாற்றம் கலப்பது கட்டாயமாயிற்று. நாம் பயப்படும் கேஸ் குரல் கொடுத்துக்கொண்டு வருகிறது. பயப்படாத புகை ஓசைப்படாமல் வருகிறது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு மிச்சம் என்று டிரையர் காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிட ஒரு சாமான் கடையில் கிடைக்கிறது. மின்சார டிரையருக்கு என்று செய்யப்பட்டது அது. அதைக் கேஸ் டிரையரில் மாட்டுவது தற்கொலை முயற்சி. கை வைக்கக் கூடாது என்றால் அதில்தான் கை வைக்கக் கூடாது.

ஆகவே முதல் சோதனை உட்புறத்தில் இல்லை, வெளிச்சுவரில் இருக்கிறது. எந்திரம் ஓடும்போது வெளியே போய் மூடியின் முன்னால் கையை நீட்டுங்கள். காற்று பலமாக வரவேண்டும். சோம்பலாக வந்தால் மேலே சொன்ன காயில், இக்னைட்டர் எதையும் தொடாமல் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். குழாயைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கும் பழக்கம் மின்சார டிரையர்காரர்களுடையது. கேஸ் டிரையரில் அது வேண்டாம், புகை அறைக்குள் வரும். வெள்ளைப் பிளாஸ்டிக் நெளிகுழாய் இருந்தால் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டு உலோகக் குழாய் மாட்டுங்கள். அமெரிக்க வீட்டுக் கட்டட விதி 35 அடி நீளத்தை எல்லையாக வைத்து, ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் 5 அடி கழிக்கிறது. குழாயின் முனையில் வலை போடவும் அது அனுமதிப்பதில்லை, பஞ்சு அதில்தான் அடைக்கும் என்பதால். பஞ்சு பிடிக்கும் சல்லடையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் வழியாமல் தேங்கி நின்றால், மணத்துக்காகப் போடும் டிரையர் ஷீட்டின் மெழுகு கண்ணுக்குத் தெரியாமல் அதை அடைத்திருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்த்தால் போய்விடும்.

தெர்மல் ஃப்யூஸ் போவதற்கும் பெரும்பாலும் இந்த அடைப்புதான் காரணம். காற்று ஓடாமல் உள்ளே வெப்பம் ஏறினால், ஒரே ஒரு முறை தன்னைத் தியாகம் செய்து எந்திரத்தை நிறுத்துவது அந்தச் சின்னப் பாகத்தின் வேலை. பல மாடல்களில் அது போனால் டிரம்மே சுற்றாது. சிலவற்றில் சுற்றும், சூடு வராது. அதை மட்டும் மாற்றிவிட்டுக் குழாயைப் பார்க்காதவர் அடுத்த மாதம் இன்னொன்று வாங்குவார். அதைவிடப் பெரிய வீரர்கள் இருக்கிறார்கள்: ஃப்யூஸை எடுத்துவிட்டு இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிடுகிறவர்கள். பயந்தவர்களைத் திட்டுவதற்கு எழுத உட்கார்ந்தேன் என்றாலும் இவர்களை விட்டுவைக்க மனம் வரவில்லை. கடைசிக் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிற துணிச்சலுக்குப் பயமே மேல்.

இந்த எந்திரம் பிறந்ததே ஒரு வீட்டுக் கொல்லையில்தான். வட டகோட்டாவின் கொடுங்குளிரில் துணி உலர்த்தும் பாட்டைச் சகிக்காத ஜே. ராஸ் மூர் என்பவர் ஒரு கொட்டகை போட்டு அதில் அடுப்பை வைத்துத் துணி காயப்போட்டார். பிறகு சுற்றும் டிரம்மாக அதை வளர்த்தார். விஸ்கான்சின் மாநிலம் டூ ரிவர்ஸ் ஊரின் ஹாமில்டன் கம்பெனி 1938இல் அதை ‘ஜூன் டே’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது, கேஸிலும் மின்சாரத்திலும். டிரம், விசிறி, வெப்பம்: அடிப்படை இன்றும் அதுதான். கணினிப் பலகையும் பாட்டுப் பாடும் மணியும் சேர்ந்ததால் பர்னரின் குணம் மாறிவிடவில்லை.

இதைக் கம்பெனிகளும் அறியும். பல டிரையர்களின் மேல்பலகைக்குள்ளோ முன்பலகைக்குப் பின்னாலோ ஒரு மடித்த தாள் இருக்கும். மின்சுற்று வரைபடம், ஒவ்வொரு பாகமும் காட்டவேண்டிய ஓம் அளவு, சோதனை வரிசை எல்லாம் அதில் உண்டு. தலைப்பில் சர்வீஸ் ஆட்களுக்கு மட்டும் என்று போட்டிருக்கும். பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்குள் அதன் வைத்தியக் குறிப்பை ஒளித்து வைத்துவிட்டு, உங்களுக்கு இது புரியாது என்று சொல்லும் வேடிக்கையை என்னவென்பது! நல்லவேளை, சட்டம் மெல்ல இந்தப் பக்கம் சாய்கிறது. கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம் வீட்டு எந்திரங்களையும் உள்ளடக்கியது. உதிரிப் பாகமும் கருவியும் குறிப்பும் சொந்தக்காரருக்குக் கிடைக்கவேண்டும் என்கிறது.

எதிர்வாதம் ஒன்று வலுவானது, அதை ஒதுக்க முடியாது. மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் கேஸ் இணைப்பு வேலையை உரிமம் உள்ளவர்தான் செய்யவேண்டும். ஈழத்தமிழர் நிறைந்த ஒன்டாரியோவிலும் எரிவாயு வேலைக்குச் சான்றிதழ் பெற்றவர் வேண்டும். சட்டத்தை மீறச் சொல்லவில்லை. வால்வைப் பிரிப்பது, ரெகுலேட்டரைத் தொடுவது, இயற்கை எரிவாயு எந்திரத்தைப் புரொப்பேனுக்கு மாற்றுவது, குழாயை நீட்டுவது ஆகியவை எந்த ஊரிலும் தேர்ந்தவர் வேலை. பூச்சில்லாத பழைய பித்தளை நெளிகுழாயில் எந்திரம் இணைந்திருந்தால் அதை அசைக்கக்கூட வேண்டாம். அசைத்தாலே விரிசல் விடலாம் என்பதால் ஆளைக் கூப்பிட்டு மாற்றச் சொல்வதே முறை. கேஸ் நாற்றம் வந்தால் விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியே போய்ப் போன் செய்யவேண்டும்.

ஆனால் பஞ்சை எடுக்க, வெளியே போய்க் கையை நீட்டிப் பார்க்க, விளக்கை அணைத்துவிட்டு அந்தத் துளையில் கண்ணை வைக்க எந்த ஊரிலும் உரிமம் தேவையில்லை. அதைச் செய்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். “முதல் தடவை பத்துது, அடுத்த தடவை இக்னைட்டர் பழுத்து அணையுது, தீ வரல, வெளியில காத்து நல்லா வருது” என்று போனிலேயே சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் காயிலைக் கையோடு கொண்டுவருவார். அதைக் கேட்ட பிறகும் கீழ்ப்பலகையைக் கழற்றாமலே புது மெஷின் விலையைப் பற்றிப் பேசுகிறவருக்கு வாசலைக் காட்டலாம்.